கடல் தாண்டி விற்ற பிள்ளை

ஏரிக்கரை மேல் ஜீப் வரும் சத்தம் கேட்டால் நான் முதலில் தேடுவது என் பெண்ணைத்தான். வகுப்பில் இருந்தால், எழுதிக்கொண்டிருக்கும் கரும்பலகையை விட்டுத் திரும்பி, முன்வரிசையில் அவள் உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்ப்பேன். வீட்டில் இருந்தால் "உள்ள வா" என்பேன். ஏன் என்று அவள் கேட்பதில்லை; பழகிவிட்டது. ஜீப் சாலவாக்கம் பக்கம் திரும்பிப் போய்விடும். பெரும்பாலும் மின்சார இலாகாக்காரர்கள், இல்லாவிட்டால் விவசாய அதிகாரி. புழுதி அடங்கும்வரை கதவை விட்டு நகரமாட்டேன்.

'என் பெண்' என்று எழுதிவிட்டேன். வாயால் அப்படிச் சொல்கிற வழக்கம் எனக்கில்லை. தாளுக்குக் காது கிடையாது என்கிற துணிச்சலில் எழுதுகிறேன்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவள். உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஊர்க்காரர்கள் சேரி என்றும் சர்க்கார் காகிதங்கள் காலனி என்றும் சொல்லும் எங்கள் தெருக்களில் உள்ள ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். கிருமி என்றால் என்ன, காலரா எப்படிப் பரவுகிறது என்று வருஷா வருஷம் படம் போட்டு விளக்குகிறேன். அப்படிப்பட்டவள் ஏன் ஜீப்புக்குப் பயப்படுகிறாள் என்பதைச் சொல்ல, தொரசானி எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

டென்மார்க்கிலிருந்து ஒரு பெண் இரண்டு வருஷம் தொண்டு செய்ய வருகிறாள், பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுப்பாள், எடை பார்ப்பாள், தாய்மார்களுக்குச் சுத்தம் சொல்லிக்கொடுப்பாள் என்று சென்னையிலிருந்து ஒரு அலுவலகத்தார் வந்து சொன்னார்கள். அவள் தங்க இடம் வேண்டும். ஊருக்குள் ஓட்டு வீடு தர ஆள் இருந்தது. ஆனால் சேரிப் பிள்ளைகளைத் தூக்கிய கையோடு அந்த வீட்டுக்குள் திரும்பி வரக் கூடாது என்றார்கள். அதனால் பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்த எங்கள் வீட்டின் பின்னறை அவளுக்கு ஆயிற்று. வந்த அன்றே தெரு முழுவதும் அவளைத் தொரசானி என்றது. அவளுக்கு ஒரு பெயர் உண்டு என்பது எனக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் நினைவிருந்தது.

இருபது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு வருஷம்தான் இருக்கும். ஒரு தகரப் பெட்டியும் சைக்கிளும் கொண்டுவந்தாள். முதல் வாரம் அவள் ஜன்னலை விட்டுப் பிள்ளைகள் நகரவில்லை. துண்டை எடுத்து ஜன்னலில் கட்டினாள். பிள்ளைகள் துண்டை விலக்கிக்கொண்டு பார்த்தார்கள். பிறகு அவளும் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து அவர்களையே பார்க்க ஆரம்பித்தாள். அவர்களுக்குச் சலித்துப் போய்விட்டது. குளிப்பதற்கு ஓலைத் தட்டிக்குள் போனவள், மேலே கூரை இல்லை என்று கண்டு உடுப்போடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெளியே வந்தாள். பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக் குளிக்க நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கேழ்வரகுக் களியை மென்றாள். மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்றால் நம்பவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மாதா கோயிலுக்குக் கிளம்பினால் வாசலில் நின்று வழியனுப்புவாள். அவள் நாட்டில் எல்லோரும் கிறிஸ்தவர்கள், அவள் மட்டும் கோயிலுக்கு வரமாட்டாள் என்பது எங்கள் தெருவுக்குப் பெரிய ஏமாற்றம். மனசு சரியில்லாத நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருமுக்கூடலுக்குப் போய் ஆற்று மணலில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். அங்கே மூன்று ஆறு சேர்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒன்றிலும் தண்ணீர் இல்லை என்று வந்து சொன்னாள்.

இதெல்லாம் ஒன்றுமில்லை. அவளை எங்கள் ஜனங்களிடமிருந்து பிரித்தது தண்ணீர்.

அவள் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஒரு பாட்டிலில் ஊற்றித் தோளில் மாட்டிக்கொள்வாள். எந்த வீட்டுக்குப் போனாலும் பெண்கள் முதலில் ஒரு சொம்பு தண்ணீரை நீட்டுவார்கள். அவள் சிரித்துக்கொண்டே பாட்டிலைத் தொட்டுக் காட்டுவாள். அவளுக்கு அது மரியாதையான பதில். எங்கள் தெருவில் அதற்கு வேறு அர்த்தம். எங்கள் கையால் தண்ணீர் வாங்காதவர்களை நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

என் கணவரின் அக்கா அடுத்த வீட்டில் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் என்னைக் கோபம் வந்தால் 'டீச்சரம்மா' என்பார்.

"இன்னா டீச்சரம்மா, உங்க வூட்டுத் தொரசானி ஊர்க்காரங்களுக்கு மேல இருப்பா போலகீதே. அவங்களாவது மூஞ்சத் திருப்பிக்கினு வேணான்றாங்க. இவ சிரிச்சிக்கினே வேணான்றா."

"கிருமிக்காகக் காய்ச்சிக் குடிக்கிறா அண்ணி. எங்க வூட்லயும் அப்படித்தான்."

"காய்ச்சுனா போற சாதியா இது?" என்றார்.

பள்ளிக்கூடத்து உத்தரத்தில் அவள் ஒரு வில் தராசை மாட்டி, அதன் கீழே துணியைத் தூளியாகக் கட்டி வைத்திருந்தாள். பிள்ளைகளை எடை போடுவதற்கு. வாரக்கணக்காக ஒரு தாயும் வரவில்லை. எடை போட்டால் பிள்ளை கரைந்துபோகும் என்றார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தால் ஒருவேளை அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். தூளி காற்றில் தானாக ஆடிக்கொண்டிருக்கும். நான் அதைப் பார்க்காமல் பாடம் நடத்துவேன். அப்போது நான் பிள்ளைத்தாச்சி.

எனக்கு முன்பே இரண்டு பிள்ளைகள் பிறந்து போயிருந்தன. முதலாவது பையன், பிறகு பெண். இரண்டும் கோடைக்காலத்து வாந்தி பேதியில், நடக்கத் தொடங்குவதற்குள். மூன்றாவதாக இது வயிற்றில் வந்தபோது எனக்கு நாற்பதை நெருங்கிவிட்டது. தலைமுடி நரைக்கத் தொடங்கிய பிறகு வந்த பிள்ளை. இனி ஒன்று வராது என்று எனக்குத் தெரியும்.

பெண் பிறந்து தீட்டுக் கழிவதற்கு முன்பே அண்ணி வந்து உட்கார்ந்துவிட்டார்.

"வித்துடணும்" என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். பிள்ளையைக் குப்பைமேட்டில் வைப்பார்கள். வேறொருத்தி வந்து ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வாள். வாங்கியவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி வந்து பெற்றவளிடமே வளர்க்கக் கொடுப்பாள். அதற்குப் பிறகு பெற்றவள் அதைத் தன் பிள்ளை என்று சொல்லக் கூடாது. தேடிக்கொண்டு வரும் சாவு, இந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று திரும்பிப் போகும். இந்துக்கள் வீட்டு வழக்கம்தான். ஆனால் நாங்கள் கிறிஸ்தவர்களானது எங்கள் மாமனார் காலத்தில். பயம் மட்டும் மதம் மாறவில்லை.

"போன தடவையும் வித்தோமே அண்ணி" என்றேன்.

"யாருக்கு வித்தோம்? எதிர் வூட்டுக்கு. அது தெருவுலியே விசாரிச்சிக்கினு வந்துட்ச்சி. இந்த வாட்டி அதுங்கையில சிக்காத எடமா விக்கணும்." பின்னறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். "கடல் தாண்டி வித்துடலாம். அங்கல்லாம் எங்க போயி வெலாசம் கேக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவருக்கும் வந்தது. இருவரும் சிரித்து முடித்தபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "செஞ்சா இன்னா?" என்றார் அவர்.

தொரசானியிடம் எப்படிச் சொல்வது என்று வெட்கத்தில் இரண்டு நாள் கடத்தினேன். கடைசியில் என் பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் சொன்னேன். நான் எதிர்பார்த்தபடி அவள் சிரிக்கவில்லை. வாங்கினால் தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

"ஒன்றும் செய்ய வேண்டாம். எல்லோரும் உன் பிள்ளை என்பார்கள். நீ இல்லை என்று சொல்லக் கூடாது. அவ்வளவுதான்."

ஒரு நாள் யோசித்தாள். மறுநாள், தன் அப்பா மாட்டுப் பண்ணை வைத்திருப்பதாகவும், அவள் வீட்டிலும் தவிடு உண்டு, ஆனால் அதற்குக் கன்றுக்குட்டிகூடக் கிடைக்காது என்றும் சொன்னாள். அதுதான் சம்மதம். பிள்ளையை வாங்குகிறவள் தவிட்டைத் தன் கைக்காசில் வாங்க வேண்டும் என்பது முறை. அவள் சைக்கிளில் வாலாஜாபாத் போய் ஒரு ரைஸ்மில்லில் கேட்டிருக்கிறாள். அந்த மில்லில் தவிடு அளந்து போடுகிற வேலையில் இருந்தவர் என் கணவர். பெற்ற தகப்பன் கையால் அளக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோ எவரோ என்கிற மாதிரி அளந்து போட்டாராம். "இந்த மனுசன் என்னத் தெரியாத மாதிரி கீறாரு" என்று அவள் வந்து என்னிடம் சொன்னாள். அதற்குள் எங்கள் பேச்சு அவள் வாயில் ஏறத் தொடங்கியிருந்தது.

விடிந்ததும் விடியாததுமாகச் செய்தோம். பங்குச் சாமியார் காதுக்குப் போகக் கூடாது என்று அந்த நேரம். வீட்டுக்குப் பின்னால் குப்பைமேட்டில் ஒரு கிழிந்த முறத்தைப் போட்டு அண்ணி பிள்ளையைக் கிடத்தினார். பனி இருந்தது. பிள்ளை கால்களை உதைத்துக்கொண்டு அழுதது. தூக்கக் கூடாது என்று அண்ணி என் கையைப் பிடித்திருந்தார். தொரசானி புடவை கட்டி, தவிட்டு முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முதல் நாள் முழுக்க மனப்பாடம் பண்ணியிருந்தாள்.

"இது யாரு புள்ள?"

"தெரியாது. குப்பையில கெடந்துச்சி" என்றேன்.

"எனக்குக் குடுப்பியா?"

"எடுத்துக்கினு போ."

தவிட்டை என் முந்தானையில் கொட்டினாள். பிள்ளையை எடுத்தாள். நடந்தாள். எங்கள் வீட்டு மூலை திரும்பியதும் அவள் மறைந்துவிட்டாள். முறைப்படி அங்கேயே திரும்ப வேண்டும். கொஞ்ச நேரம் வரவில்லை. பிள்ளையின் அழுகைச் சத்தமும் நின்றுவிட்டது. மடியில் தவிட்டோடு நான் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இன்னும் முடியவில்லை.

திரும்பி வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. பிள்ளை அவள் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. என் கையில் கொடுத்தாள்.

"என் புள்ள. வளத்துக் குடு."

யார் வாங்கினாலும் சொல்கிற வார்த்தைகள்தான் அவை. யாரும் கொடுத்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. வாங்கியவள் அதே தெருவில் இருப்பாள், பிள்ளை வளர்வதைப் பார்ப்பாள், கல்யாணத்துக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுப்பாள். அதோடு முடியும். வாங்கியவள் இரண்டு வருஷத்தில் கப்பலேறிப் போகப் போகிறவள் என்பதை அன்றைக்கு நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. தூரம்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

பிறகு கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தாய் என்று நான் முன்னால் போய் நின்றபோது, அண்ணி பின்னாலிருந்து இருமிக்கொண்டே இருந்தார், சாவுக்குக் கேட்காமல் இருக்க.

அந்த நாளிலிருந்து தொரசானி எங்கள் தெருக்காரி. முன்பெல்லாம் அவளைப் பார்த்தால் "எப்ப உங்க ஊருக்குப் போவப்போறே?" என்று கேட்பார்கள். இப்போது "உன் புள்ளைக்கு வயிறு சரியாப் போச்சா?" என்று கேட்டார்கள். "ராத்திரி பூரா ஒரே பேஜாரு" என்று அவள் கையை ஆட்டிச் சொல்வாள். பெண்கள் குலுங்கிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். தராசுத் தூளியில் முதலில் ஏறியது எங்கள் வீட்டுப் பிள்ளை. "அவ புள்ள, அவ தொங்க வுட்டா இன்னா, தலகீழா கட்டுனா இன்னா" என்று அண்ணி தெருவுக்கே கேட்கச் சொன்னார். மறுமாதம் பிள்ளை கரையவில்லை, கனத்திருந்தது என்று தெரிந்ததும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சென்னை அலுவலகத்துக்காரர் வந்து பார்த்து, வேலை நன்றாக நடக்கிறது என்றார். அவளுடைய தமிழைக் கேட்டுத்தான் முகம் சுளித்தார். நல்ல தமிழ் கற்றுக்கொடுக்கக் கூடாதா என்று என்னைக் கேட்டார்.

ஒரு பகல் வெயிலில் இருவரும் அண்ணி வீட்டுக்குப் போனோம். அண்ணி சொம்பை நீட்டினார். அவள் வழக்கம்போல பாட்டிலைத் தொட்டாள்.

"இன்னும் இன்னாடி பாட்டிலு? எங்க வூட்டுப் புள்ளைக்கு ஆத்தா நீ. குடி."

தொரசானி என்னைப் பார்த்தாள். நான் கரும்பலகையில் வரைகிற படமெல்லாம் எனக்கு நினைவில் இருந்தது. கிணறு, ஈ, சொம்பு, வாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாங்கி, எங்களைப்போல அண்ணாந்து, வாய் படாமல் ஊற்றிக் குடித்தாள். கொஞ்சம் மேலே சிந்தியது. அண்ணி தன் முந்தானையால் அவள் கழுத்தைத் துடைத்துவிட்டார். எனக்கு அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவள் தண்ணீர் காய்ச்சும் கெண்டி பால் பவுடர் கரைக்க மட்டும் அடுப்பேறியது. தாய்மார்களைக் கூட்டி வைத்துத் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்வாள். சொல்லி முடித்ததும் அவர்கள் கொடுக்கும் சொம்பை வாங்கிக் குடிப்பாள். அந்தப் பாட்டிலில் நான் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தேன்.

பிள்ளை தவழ்ந்தது, நின்றது. சாயங்காலம் சைக்கிள் மணி கேட்டால் என் மடியிலிருந்து இறங்கிக்கொள்ளும். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டால் நான் கூப்பிட்டாலும் வராது. எனக்கு எரிச்சலாக இருக்கும். உடனே, இருக்கட்டும், இப்படி இருந்தால்தான் நல்லது, பார்க்கிறவர்கள் நம்புவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பார்க்கிறவர்கள் என்று நான் யாரை நினைத்தேன் என்பது உங்களுக்குப் புரியும்.

இரண்டு வருஷம் முடிய வந்தது. அவள் போகப் போகிறாள் என்று தெரிந்ததும் பெண்கள் சீண்ட ஆரம்பித்தார்கள்.

"இன்னாம்மா, புள்ளய இட்டுக்கினு போவியா, வுட்டுட்டுப் போவியா?"

"இட்டுக்கினுதான் போவேன். தவுடு குடுத்துக்கீறேன் இல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு பின்னறையில் அவள் தகரப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டால் அடுப்பை விட்டு எழுந்துபோய் எட்டிப் பார்ப்பேன். பிள்ளையின் சட்டை எதையாவது உள்ளே வைக்கிறாளா என்று. வைக்கவில்லை. ஒருமுறை பிள்ளையின் காலை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். ஊருக்குப் போனதும் செருப்பு அனுப்பத்தான் என்றாள். நான் அந்த நிமிஷம் அவளை நம்பவில்லை.

தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிவிடலாமா என்று அண்ணியிடம் கேட்டேன்.

"வாங்கிட்டா ஒன் புள்ளையாயிடும். ஒன் புள்ளையாயிட்டா வந்துடும்" என்றார்.

"அவ எடுத்துக்கினு போயிட்டா?"

"உசுரோட கீதுன்னு நெனச்சிக்கினு இருக்கலாம் இல்ல?" என்றார். கேலி இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் ஒரு காலத்தில் பிள்ளைகளைப் புதைத்தவர்தான்.

கோடை வந்தது. ஏரி வெடித்துக் கிடந்தது. எங்கள் கிணற்றில் வாளியை இறக்கினால் சேறு கலந்து வந்தது. ஒரு காலையில் பிள்ளை பாலைக் கக்கியது. பகலுக்குள் பேதி நிற்காமல் போக ஆரம்பித்தது.

எனக்கு அந்த வாசனை தெரியும். இரண்டு முறை அந்த வாசனையோடு உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். தொரசானிதான் அரிசியைக் குழைய வேகவைத்து, கஞ்சித் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டு, பிள்ளையை மடியில் வைத்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். கக்கினால் துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டுவாள். துணி மாற்றினாள், கழுவினாள். அவள் புடவை முழுக்க ஈரம்.

மத்தியானம் அண்ணி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தெருவைப் பார்த்து நின்றுகொண்டு உரக்கச் சொன்னார்:

"இந்த வூட்ல எங்க புள்ள எதுவும் இல்ல. உள்ள கீறது தொரசானி புள்ள. கேக்கறதுன்னா அவளக் கேளு!"

பிறகு என்னைப் பார்த்து, "நீயும் சொல்லு" என்றார். "பெத்தவ சொன்னாத்தான் எடுபடும்."

பிள்ளையின் கண்கள் குழி விழுந்து மேலே செருகியிருந்தன. நான் எழுந்து வாசலுக்குப் போனேன். வெயிலில் தெருவில் ஒருவரும் இல்லை. வெறும் தெருவைப் பார்த்துச் சொன்னேன்.

"என் புள்ள இல்ல. அவ புள்ள. அவளப் போயிக் கேளு."

திரும்பினேன். தொரசானி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த அளவு தமிழ் அவளுக்கு நன்றாகவே தெரியும். ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து, எனக்கு உதவி செய்கிறவள்போல அவளும் சொன்னாள்:

"ஆமா. என் புள்ளதான்."

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் பிள்ளை ஒண்ணுக்கு இருந்தது. காய்ந்து கிடந்த உடம்பிலிருந்து அந்த ஈரம் வந்ததைப் பார்த்துத்தான் பிழைத்துக்கொண்டது என்று தெரிந்தது. துணியை நான் மாற்றவே இல்லை; தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொரசானி என் தோளில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் வயிறு வலிக்குது அக்கா, போய்ப் படுக்கிறேன் என்றாள்.

விடிந்தபோது அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. அவள் சொல்லிக்கொடுத்த அதே கஞ்சியைக் காய்ச்சி ஊட்டினேன். ஒரு ஸ்பூனும் தங்கவில்லை. வெள்ளைத் தோல் சாம்பல் நிறமாகிவிட்டது. விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கின. என் கணவர் உத்திரமேரூருக்கு ஓடித் தபாலாபீசிலிருந்து டெலிபோன் பண்ணினார். மத்தியானத்துக்கு மேல் ஏரிக்கரையில் ஜீப் சத்தம் கேட்டது.

கயிற்றுக் கட்டிலோடு தூக்கினார்கள். தெருவே கூடி நின்றது. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்றேன். ஜீப்புக்குள் ஏற்றும்போது அவள் தலையைத் திருப்பி எங்களைத் தேடினாள். கையைத் தூக்க முயன்றாள். பிள்ளை இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அவளிடம் தாவியது.

அண்ணி பின்னாலிருந்து என் ரவிக்கையை இறுகப் பிடித்தார். "கிட்டப் போவாத. இப்ப அவ, ஒம் புள்ளய நீயே வச்சிக்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டான்னா, போனது திரும்பிடும்."

நான் நகரவில்லை.

அவள் குரல் ஏறக்குறைய இல்லை. ஆனால் தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததால் கேட்டது.

"அக்கா. வளத்துக் குடு."

ஜீப் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

அதை அவள் ஏன் சொன்னாள் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. மயக்கத்தில் பிதற்றியிருக்கலாம். எப்போதும்போல விளையாட்டாக, நான் பயப்படக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை தன்னுடையதுதான், தேடி வந்தது தன்னோடு போகட்டும் என்று தெரிந்தே சொல்லியிருக்கலாம். இல்லை, கேட்டிருக்கலாம். நிஜமாகவே கேட்டிருக்கலாம்.

சில வாரம் கழித்து என் கணவர் சென்னை அலுவலகத்துக்குப் போய் விசாரித்தார். பிழைத்துவிட்டாள், எழுந்து நடக்கிற அளவு தேறியதும் விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். தகரப் பெட்டியையும் சைக்கிளையும் ஆள் வந்து எடுத்துப் போனான். தராசை எடுத்துப் போனான், தூளித் துணியை விட்டுவிட்டான். செருப்பு வரவில்லை. வேறெதுவும் வரவில்லை. நானும் எழுதவில்லை. எழுதினால் பிள்ளை சுகம் என்று எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு அவள் கிளம்பி வந்தால்?

பிள்ளையைத் தொட்ட கையால் அவள் சாப்பிட்டிருப்பாள், அல்லது அந்தக் கிணற்றுத் தண்ணீர் நேராகவே அவள் வயிற்றுக்குள் போயிருக்கும். எனக்குத் தெரியும். படம் போட்டே காட்டுவேன். ஆனால் படம் போடும்போது சொம்புக்குப் பக்கத்தில் நான் ஒரு வாசலையும் வரைந்துவிடுகிறேன். பிள்ளைகள் அது என்ன டீச்சர் என்று கேட்கிறார்கள். அழித்துவிடுகிறேன்.

போன மாதம் ஜீப் பள்ளிக்கூடத்துக்கே வந்தது. நான் எழுந்து கதவருகே போவதற்குள் உள்ளே வந்துவிட்டார்கள். புதிதாக வந்த ஒரு சுகாதார அதிகாரி, சின்ன வயசு; கூட ஒரு நர்ஸ். ஏறி நிற்கிற எடைத் தராசு ஒன்றை இறக்கி வைத்தார்கள். ஜீப்பைப் பார்த்துத் தெருப் பெண்களும் வந்து கூடினார்கள். அண்ணி கதவோரம் நின்றார். யார் முதலில் வருகிறீர்கள் என்று நர்ஸ் கேட்டதும், யாரும் சொல்லாமலே முன்வரிசையிலிருந்து அவள் எழுந்து போய்த் தராசு முன்னால் நின்றாள். தராசு என்றால் அவளுக்குப் பயமில்லை.

"தைரியமான பொண்ணா இருக்கியே. யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?" என்று அதிகாரி கேட்டார்.

பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணியும் பார்த்தார். அவர் உதடு லேசாக அசைந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் என்னை நேராக இப்படிக் கேட்டதில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரியும். 'என்' என்கிற வரைக்கும் தொண்டையில் வந்துவிட்டது.

அதற்குள் அவளே சொன்னாள், பாடம் ஒப்பிக்கிற குரலில்:

"நான் தொரசானி புள்ள சார். எங்கம்மா வளத்துக் குடுக்கறாங்க."

யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. தெருவில் விளையாடும்போது கேட்டிருப்பாள். அதிகாரி சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்ன டீச்சர் சொல்லுது இது?"

"எடை போடுங்க சார்" என்றேன்.

ஏறி நின்றாள். முள் ஆடி நின்றது. நர்ஸ் எடையை உரக்கப் படித்து, நல்ல எடை என்றாள். இறங்கியதும் நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மற்றப் பிள்ளைகளையெல்லாம் நிறுத்து முடித்து, தராசை ஏற்றிக்கொண்டு, ஜீப் ஏரிக்கரை ஏறி மறையும்வரை விடவில்லை.

"வலிக்குதும்மா" என்றாள்.

அப்போதும் விடவில்லை.